வில்க்கி காலின்ஸ்

வில்லியம் வில்க்கி காலின்ஸ் (ஜனவரி 8, 1824 – செப்டம்பர் 23, 1889) ஓர் ஆங்கிலேயப் புதின எழுத்தாளரும் நாடக ஆசிரியரும் ஆவார். இருபதுக்கும் மேற்பட்ட புதினங்களையும் பல சிறுகதைகள், நாடகங்கள், கட்டுரைகளையும் எழுதியுள்ளார். இவற்றுள் தி வுமன் இன் வைட் (வெள்ளுடைப் பெண், 1860), தி மூன்ஸ்டோன் (1868) ஆகிய இரண்டும் பெரும் புகழ் பெற்றவை. ஒரு குற்றத்தைப் பற்றிப் பலர் தாம் நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் வரிசையாக எடுத்துரைக்க, வாசகரே உண்மையைத் தேடும்படி கதையை அமைத்தது இவரது தனித்தன்மையாகும். ஆங்கிலத்தில் துப்பறியும் புதினம் என்னும் வகை உருவானதில் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

இளமைக் காலம்

காலின்ஸ் இலண்டன் நகரின் மேரிலபோன் பகுதியில் பிறந்தார். தந்தை வில்லியம் காலின்ஸ் இயற்கைக் காட்சிகளை வரைவதில் பெயர் பெற்ற ஓவியர். அரச கலைக்கழகத்தின் உறுப்பினர். தாயார் ஹாரியட். தந்தையின் நண்பரும் ஸ்காட்லாந்து ஓவியருமான டேவிட் வில்க்கியின் நினைவாகவே இவருக்கு வில்க்கி என்ற பெயர் சூட்டப்பட்டது. தம்பி சார்லஸ் ஆல்ஸ்டன் காலின்சும் பின்னாளில் ஓவியரானார். பிறவியிலேயே காலின்சின் நெற்றியின் வலப்பக்கம் சற்றுப் புடைத்திருந்தது. குள்ளமான உருவமும் மிகச் சிறிய கைகால்களும் கொண்டவர்.

1836 முதல் 1838 வரை குடும்பத்தினர் பிரான்சிலும் இத்தாலியிலும் வாழ்ந்தனர். பள்ளியில் கற்றதைவிட இத்தாலியில் கற்றதே அதிகம் எனக் காலின்ஸ் பிற்காலத்தில் கருதினார். நாடு திரும்பியபின் விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டார். அங்கு மூத்த மாணவன் ஒருவன் ஒவ்வோர் இரவும் கதை சொல்லுமாறு இவரை மிரட்டியதாகவும், அவனுக்கு அஞ்சியே கதை சொல்லும் ஆற்றலைத் தாம் வளர்த்துக்கொண்டதாகவும் காலின்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். கேட்பவன் தூங்கிவிடாதபடி கதையை நிறுத்தி நிறுத்திச் சொல்லும் கலையை, தொடர்கதை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவர் பழகிவிட்டார் எனலாம்.

1841 இல் இலண்டனில் ஒரு தேயிலை வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவ்வேலையில் இவருக்கு நாட்டம் இருக்கவில்லை. 1846 இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்து 1851 இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். ஆயினும் ஒருநாளும் வழக்கறிஞராகத் தொழில் செய்யவில்லை. சட்டப் பயிற்சி வீணாகவும் இல்லை: சாட்சியம், ஆவணம், உயில், திருமண ஒப்பந்தம் ஆகியவை பற்றிய அறிவு இவரது புதினங்கள் பலவற்றுக்கு அடித்தளமாக அமைந்தது.

தந்தை 1847 இல் இறந்தார். அவரது வாழ்க்கை வரலாறே காலின்சின் முதல் நூலாக 1848 இல் வெளிவந்தது. உரோமைப் பேரரசின் வீழ்ச்சியைப் பின்னணியாகக் கொண்ட அன்டோனினா (1850) அச்சேறிய முதல் புதினம். அதற்கு முன் எழுதி, பதிப்பகங்களால் மறுக்கப்பட்ட அயோலானி என்னும் புதினம் 1999 இல்தான் அச்சாயிற்று.

டிக்கன்சுடன் நட்பு

1851 இல் ஓவியர் அகஸ்டஸ் எக் வழியாகச் சார்லஸ் டிக்கன்சின் அறிமுகம் கிடைத்தது. டிக்கன்ஸ் ஏற்பாடு செய்த நாடகம் ஒன்றில் காலின்ஸ் சிறு வேடத்தில் நடித்தார். தம்மைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான காலின்சை டிக்கன்ஸ் விரைவில் நெருங்கிய நண்பராக ஏற்றுக்கொண்டார். இருவரும் சேர்ந்து பயணம் செய்தனர், சேர்ந்து எழுதினர். டிக்கன்சின் ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ் இதழில் 1856 இல் காலின்ஸ் பணியாளராகச் சேர்ந்தார். காலின்ஸ் எழுதிய தி புரோசன் டீப் என்னும் நாடகத்தில் 1857 இல் டிக்கன்ஸ் முதன்மை வேடம் ஏற்றார். 1860 இல் டிக்கன்சின் மகள் கேட், காலின்சின் தம்பி சார்லசை மணந்துகொண்டார்.

இந்நட்பைப் பற்றி இன்று அறியக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பக்கச் செய்தியே. டிக்கன்ஸ் தமக்கு வந்திருந்த கடிதங்களை 1860 இல் தீயிட்டு எரித்துவிட்டார். ஆதலால் டிக்கன்ஸ் காலின்சுக்கு எழுதியவை பல எஞ்சியுள்ளன. காலின்ஸ் எழுதியவை மிகச் சிலவே எஞ்சின.

தி வுமன் இன் வைட்

இப்புதினம் நவம்பர் 1859 முதல் ஆகஸ்ட் 1860 வரை, டிக்கன்ஸ் புதிதாகத் தொடங்கிய ஆல் தி இயர் ரவுண்ட் வார இதழில் தொடராக வெளிவந்தது. காலின்ஸ் பாரிஸ் நகரில் வாங்கிய பழைய பிரெஞ்சு வழக்குத் தொகுப்பு ஒன்றில் இருந்த, ஒரு பெண்ணை வேறு பெயரில் அடைத்து வைத்து அவள் சொத்தைக் கவர்ந்த வழக்கே கதைக்கு வித்தாகும். நீதிமன்றம் ஒன்றில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, தத்தம் பங்கை மட்டும் சொல்லிச் சென்றதைப் பார்த்தபோது கதையை இவ்வாறே சொல்லலாம் என்ற எண்ணம் தோன்றியதாகவும் காலின்ஸ் கூறியுள்ளார்.

அதன்படி இப்புதினத்தில் எல்லாம் அறிந்த ஆசிரியர் குரல் கிடையாது. ஓவிய ஆசிரியர் வால்டர் ஹார்ட்ரைட் தொடங்குகிறார். குடும்ப வழக்கறிஞர் தொடர்கிறார். பின்னர் மேரியன் ஹால்கம் என்னும் பெண்ணின் நாட்குறிப்பு வருகிறது. வீட்டு மேலாளர், எழுதத் தெரியாத சமையல்காரி, மருத்துவர் ஆகியோரும் சாட்சியம் தருகின்றனர். கல்லறைக் கல்லில் பொறித்த வரிகள்கூட ஒரு சாட்சியாகத் தனித் தலைப்பின்கீழ் இடம் பெறுகின்றன. அக்கல் கூறுவது பொய் என்பதே கதையின் மையம்: அதில் பெயர் பொறிக்கப்பட்ட பெண் உயிரோடு இருக்கிறாள்.

இம்முறையின் உச்சம் நாட்குறிப்புப் பகுதியில் உள்ளது. மேரியன் நோயுற்று எழுத முடியாமற் போகும்போது குறிப்பு தடைப்படுகிறது. அடுத்து வருவது வேறொருவர் எழுத்து. வில்லனான போஸ்கோ பிரபு அந்நாட்குறிப்பை முழுவதும் படித்துவிட்டு, அதன் இறுதியில் தம் கையாலேயே பாராட்டு எழுதி வைக்கிறார். இரகசியமாக ஒரு பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்ததாக எண்ணிய வாசகர், எதிரியும் அருகிலிருந்து படித்துக்கொண்டிருந்தான் என்பதை அப்போதுதான் உணர்கிறார். வாசகரை அச்சுறுத்த இங்கு கொலையோ பேயோ தேவைப்படவில்லை. கையெழுத்து மாறியதே போதுமானதாயிற்று.

நாள் கணக்கில் ஒரு தவறு நேர்ந்தது. சதியை மெய்ப்பிக்கும் ஒரே சான்று, இறப்புச் சான்றிதழில் உள்ள நாளுக்கும் கதைத்தலைவி இலண்டனுக்குப் பயணம் செய்த நாளுக்கும் இடையிலான வேறுபாடு ஆகும். டைம்ஸ் நாளிதழில் 1860 அக்டோபரில் வந்த மதிப்புரை, பல சாட்சிகளின் கூற்றுகளை ஒப்பிட்டு, ஆசிரியரின் கணக்கு ஏறத்தாழ இரு வாரம் பிழை என்று காட்டியது. காலின்ஸ் தவற்றை ஒப்புக்கொண்டு அடுத்து வந்த பதிப்பில் நாட்களைத் திருத்தினார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யுமாறு வாசகரை அழைத்த நூலை, ஒரு வாசகர் மெய்யாகவே அவ்வாறு விசாரித்துப் பிழை கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

டிக்கன்ஸ் இப்புதினத்தைப் பெரிதும் பாராட்டினார். எனினும் கதைசொல்லிகள் எல்லோரும் தம்மையும் பிறரையும் ஒரே விதமாகக் கூறுபோட்டு ஆராய்கின்றனர். அவ்வியல்பு அவர்களுடையது அன்று, ஆசிரியருடையது என்று 1860 இல் ஒரு கடிதத்தில் குறை கூறினார். ஆள் மாறியும் நடை மாறவில்லை என்பதே அக்குறை. இது நியாயமான குறையே. அடுத்த எட்டு ஆண்டுகளில் காலின்ஸ் அதற்கு விடை கண்டார்.

தி மூன்ஸ்டோன்

நோ நேம் (1862), ஆர்மடேல் (1866) ஆகிய புதினங்களுக்குப் பின் எழுதப்பட்ட தி மூன்ஸ்டோன், ஜனவரி 1868 முதல் ஆகஸ்ட் 1868 வரை ஆல் தி இயர் ரவுண்ட் இதழில் வெளிவந்தது. பெயரைக் கொண்டு இதைச் சந்திரகாந்தக் கல் என எண்ணுதல் ஆகாது. கதையில் வருவது, இந்தியாவில் சந்திரக் கடவுளின் சிலை நெற்றியில் பதிக்கப்பட்டிருந்த மஞ்சள் வைரம் ஆகும்.

இதை எழுதிய மாதங்கள் காலின்சின் வாழ்வில் மிகக் கொடியவை. மார்ச் 1868 இல் தாயார் இறந்தார். அப்போது காலின்ஸ் கீல்வாத நோயால் படுக்கையில் இருந்தமையால் தாயாரின் அடக்கத்துக்கும் செல்ல இயலவில்லை. வலியைத் தணிக்க லாடனம் என்னும் அபினிக் கரைசலை அருந்தி வந்தார். இவர் வலியால் அலறியதைத் தாங்காமல் எழுத வந்த ஆண்கள் விலகினர், இறுதியில் இளம்பெண் ஒருத்தி அமைதியாக இருந்து எழுதி முடித்தாள் என்றொரு கதை வழங்குகிறது. ஆனால் எஞ்சியுள்ள கையெழுத்துப்படியில் பிறர் கையால் எழுதப்பட்டவை சில பக்கங்களே; ஏனையவை காலின்சின் சொந்தக் கையெழுத்தில் உள்ளன.

இனி வரும் பகுதி கதையின் முடிவை வெளிப்படுத்துகிறது.

1799 இல் சீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது ஹெர்ன்காசில் என்னும் அதிகாரி, காவலர்களைக் கொன்று வைரத்தைக் கவர்கிறார். அரை நூற்றாண்டுக்குப் பின் 1848 இல் அது அவரது மருமகள் ரேச்சல் வெரிண்டரின் பிறந்தநாள் பரிசாக யார்க்சயர் மாளிகைக்கு வருகிறது. அன்றிரவே காணாமற் போகிறது. ரேச்சலை விரும்பும் பிராங்கிளின் பிளேக், உண்மையை எழுத்தில் பதிவு செய்ய, தொடர்புடைய ஒவ்வொருவரையும் தாம் நேரில் அறிந்த அளவுக்கு மட்டும் எழுதித் தருமாறு கேட்கிறார். கதை எழுதப்படுவதற்கான காரணமே இதுதான்.

முதலில் எழுதுபவர் மாளிகையின் முதிய மேலாளர் பெட்டரெட்ஜ். ராபின்சன் குரூசோ நூலையே மறைநூலாகப் போற்றுபவர். கதையை எங்குத் தொடங்குவது என்று தெரியாமல் திணறித் தம் திருமண வரலாற்றுக்குப் போய்விடுபவர். குடும்பத்தின்மீது அவர் கொண்ட பற்று, ரேச்சல்மீது விழும் ஐயத்தை ஏற்க மறுக்கிறது. அடுத்தவர் மிஸ் கிளாக் என்னும் ஏழை உறவினர். செல்லும் இடமெல்லாம் சமயத் துண்டு நூல்களை ஒளித்து வைப்பவர். தம்மைப் பற்றி அவர் சொல்வது ஒன்று. வாசகர் அவரைப் பற்றி அறிந்துகொள்வது மற்றொன்று. பின்னர் அறிந்த செய்திகளைச் சேர்க்க அவர் இசைவு கேட்க, பிளேக் மறுக்கும் கடித விவரமும் கதைக்குள்ளேயே வருகிறது. செவிவழிச் செய்தியை ஏற்காத நீதிமன்ற விதி இங்குக் கதையின் விதியாகிறது. வழக்கறிஞர் பிரஃப், மருத்துவரின் உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸ், ஸ்காட்லாந்து யார்டு துப்பறிவாளர் கஃப் ஆகியோரும் தத்தம் நடையில் எழுதுகின்றனர். டிக்கன்ஸ் கூறிய குறை இந்நூலுக்குப் பொருந்தாது.

சாட்சிகளைத் திரட்டும் பிளேக், தேடலின் நடுவில், கடற்கரைப் புதைமணலில் மறைக்கப்பட்டிருந்த கறைபட்ட இரவு உடையைக் கண்டெடுக்கிறார். அதில் இருப்பது அவர் பெயரே. மருத்துவர் ஒருவர் அவருக்குத் தெரியாமல் கொடுத்த அபினியின் மயக்கத்தில், வைரத்தைப் பாதுகாக்க எண்ணி எடுத்தவர் அவரே. எடுத்தது அவர் நினைவில் இல்லை. அவரிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டு மறைத்தவன், அறச்சங்கங்களில் பெயர் பெற்ற காட்பிரே ஏபிள்வைட். கதைசொல்லி பொய் சொல்லவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. தாம் அறியாததை எழுத இயலாது என்ற விதியைக் கடைப்பிடித்தார், அவ்வளவே.

யாருக்குப் பேச இடம் தரப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிளேக் வைரத்தை எடுத்ததை ரேச்சல் தம் கண்ணாலேயே கண்டிருந்தார். அவரிடம் எழுதுகோல் கொடுத்திருந்தால் புதினம் முதல் பக்கங்களிலேயே முடிந்திருக்கும். தி வுமன் இன் வைட் புதினத்திலும் சதிக்கு இலக்கான லாரா தம் கதையைத் தாமே எழுதுவதில்லை. மூன்ஸ்டோனில் பிளேக்கை ஒருதலையாகக் காதலித்த பணிப்பெண் ரொசன்னா, இரவு உடையை மறைத்து அவரைக் காப்பாற்ற முயல்கிறாள். அவள் குரல் ஒரு கடிதத்தின் வழி ஒலிக்கிறது. ஆனால் அது படிக்கப்படும்போது அவள் உயிரோடு இல்லை. வைரத்தைத் தேடி இந்தியாவிலிருந்து வரும் பிராமணர் மூவருக்கோ சாட்சியம் கூறும் வாய்ப்பே இல்லை. பிறர் கண்வழியாகவே அவர்கள் காட்டப்படுகின்றனர். ஆயினும் 1857 எழுச்சிக்குப் பின் இங்கிலாந்தில் இந்தியர்மீது சினம் ஓங்கியிருந்த சூழலில், முதற்குற்றம் ஆங்கில அதிகாரியுடையது எனக் காட்டி, வைரம் உரிய தெய்வத்திடம் திரும்புவதோடு கதையை முடித்தது துணிவான செயலே.

கறைபட்ட இரவு உடை என்னும் தடயத்தைக் காலின்ஸ் 1860 இல் இங்கிலாந்தை உலுக்கிய ரோடு ஹில் கொலை வழக்கிலிருந்து பெற்றார். அவ்வழக்கை விசாரித்த விச்சர் என்னும் அதிகாரியே கஃப் பாத்திரத்துக்கு முன்மாதிரி எனக் கருதப்படுகிறது.

எஸ்ரா ஜென்னிங்ஸ் தீராத வலிக்காக அபினி உண்பவர், பழிக்கு ஆளாகி ஊரால் ஒதுக்கப்பட்டவர், கலப்பின மனிதர். மர்மத்தை அவிழ்ப்பவர் புகழ்பெற்ற துப்பறிவாளர் அல்லர், இவரே. லாடனம் அருந்திக்கொண்டு எழுதிய காலின்ஸ் தம் வலியை இந்த ஒரு பாத்திரத்திடம் மட்டும் ஒப்படைத்தார் என்று கொள்ளலாம். நாட்குறிப்பின் அந்தச் சில பக்கங்கள் நூலின் மிகச் சிறந்த பகுதியாகும்.

பிற்காலம்

டிக்கன்ஸ் 1870 இல் இறந்தார். தி மூன்ஸ்டோனைத் தொடக்கத்தில் வரவேற்ற அவர் பின்னர் அதன் கட்டமைப்பு சலிப்பூட்டுவதாகக் கருதினார். நட்பும் அதற்குள் தளர்ந்திருந்தது. தம்பி சார்லஸ் 1873 இல் மறைந்தார். அவ்வாண்டே காலின்ஸ் அமெரிக்கா சென்று தம் கதைகளை மேடையில் வாசித்தார். தி லா அண்ட் தி லேடி (1875) புதினத்தில், கணவன்மீதான கொலைப் பழியைத் துடைக்க முயலும் ஒரு பெண் தானே துப்பறிந்து தானே கதையைச் சொல்கிறாள். இதன் பின் வந்தவற்றில் உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்வதற்கு எதிர்ப்பு முதலான சமூகக் கருத்துகள் மேலோங்கின. கொள்கை பரப்பும் ஆர்வமே இவரது கலையைக் கெடுத்தது என்று கவிஞர் சுவின்பர்ன் எள்ளினார். லாடனத்தின் அளவும் ஆண்டுக்காண்டு கூடியது.

தாக்கம்

பல ஆவணங்களால் கதை சொல்லும் முறையைக் காலின்ஸ் முதன்முதலாகக் கண்டுபிடித்தார் எனக் கூற இயலாது. கடிதப் புதினங்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தன. டிக்கன்சின் பிளீக் ஹவுஸ் (1853) இரு குரல்களில் எழுதப்பட்டது. எட்கர் ஆலன் போவின் துப்பறியும் கதையை (1841) துப்பறிபவரின் நண்பர் சொல்கிறார். அம்முறையையே ஆர்தர் கோனன் டாயில் வாட்சன் பாத்திரத்தின் வழி 1887 முதல் உலகெங்கும் பரப்பினார். துப்பறியும் கதைகளில் பெரிதும் வழக்கமானது வாட்சன் முறையே அன்றிக் காலின்ஸ் முறை அன்று. ஒரு நண்பரின் வியப்பை எழுதுவது, பத்துப் பேரின் அறியாமையைக் கணக்கிட்டு எழுதுவதைவிட எளிது.

எனினும் இவரது வழியைப் பின்பற்றியவர் உண்டு. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா (1897) நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆனது. காலின்சை ஆழ்ந்து கற்ற டோரதி சேயர்ஸ், ராபர்ட் யூஸ்டேசுடன் சேர்ந்து எழுதிய தி டாக்குமெண்ட்ஸ் இன் தி கேஸ் (1930) இம்முறையிலானது; அவர் தொடங்கிய காலின்ஸ் வாழ்க்கை வரலாறு முற்றுப்பெறவில்லை. அகதா கிறிஸ்டியின் தி மர்டர் ஆப் ரோஜர் அக்ராய்ட் (1926), கதைசொல்லியை வாசகர் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியை மேலும் கூர்மையாக்கியது. கவிஞர் டி. எஸ். எலியட், தி மூன்ஸ்டோனை ஆங்கிலத் துப்பறியும் புதினங்களில் முதலாவதும் சிறந்ததும் எனப் போற்றினார். சிறந்தது என்பதை மறுப்பவர் சிலரே. முதலாவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தி நாட்டிங் ஹில் மிஸ்டரி என்னும், ஆவண வடிவிலேயே அமைந்த புதினம் 1862 இல் தொடராக வரத் தொடங்கிவிட்டது.

குடும்ப வாழ்க்கையும் இறப்பும்

காலின்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. கரோலின் கிரேவ்ஸ் என்னும் கைம்பெண்ணுடனும் அவர் மகளுடனும் 1850களின் பிற்பகுதியிலிருந்து வாழ்ந்து வந்தார். நார்போக் பகுதியைச் சேர்ந்த மார்த்தா ரட் என்பவருடனும் இவருக்கு உறவு ஏற்பட்டது. 1868 அக்டோபரில் கரோலின் வேறொருவரை மணந்தார். எனினும் சில ஆண்டுகளிலேயே காலின்சிடம் திரும்பிவிட்டார். மார்த்தாவுக்கும் காலின்சுக்கும் மூன்று குழந்தைகள் பிறந்தனர். அவ்வீட்டில் காலின்சின் பெயர் வில்லியம் டாசன். இரு குடும்பங்களும் இலண்டனில் நடந்து செல்லும் தொலைவிலேயே வாழ்ந்தன. நண்பர்கள் கரோலினை அறிவர். மார்த்தாவை அறிந்தவர் மிகச் சிலர்.

ஒருநாள் இரவு வெள்ளுடை அணிந்த பெண்ணொருத்தி அலறிக்கொண்டு ஓடி வந்ததைக் காலின்ஸ் கண்டார், அவளே கரோலின் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. இதன் மூலம், ஓவியர் மில்லேயின் மகன் தம் தந்தையைப் பற்றி 1899 இல் வெளியிட்ட நூலாகும். நிகழ்ச்சியில் இருந்தவர் எவரும் எழுதி வைத்ததாக அது இல்லை. காலின்ஸ் தாமே வகுத்த விதிப்படி இச்சான்று ஏற்கத்தக்கதன்று.

ஜூன் 1889 இல் காலின்ஸ் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். செப்டம்பர் 23 அன்று விம்போல் தெரு இல்லத்தில் இறந்தார். அப்போது தொடராக வந்துகொண்டிருந்த பிளைண்ட் லவ் புதினத்தை, இவர் விட்டுச் சென்ற விரிவான குறிப்புகளைக் கொண்டு வால்டர் பெசன்ட் முடித்தார். உயிலில் மார்த்தாவின் குழந்தைகளைத் தம் குழந்தைகள் என வெளிப்படையாக ஏற்று, சொத்தை இரு குடும்பங்களுக்கும் சமமாகப் பகிர்ந்தளித்திருந்தார். மார்த்தாவின் குடும்ப வரலாறு விரிவாக வெளிவந்தது 1988 இல், வில்லியம் கிளார்க் எழுதிய நூலின் வழியாகத்தான்.

காலின்ஸ் கென்சல் கிரீன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் இவரை தி வுமன் இன் வைட் முதலான புனைகதைகளின் ஆசிரியர் என்று மட்டும், இவர் விருப்பப்படியே பொறித்துள்ளனர். 1895 இல் இறந்த கரோலினும் அதே குழியில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் அவர் பெயர் இல்லை. அதன்பின் சில காலம் கல்லறையைப் பராமரித்து வந்தவர் மார்த்தா.